பாய் சாருக்கு நான் கற்பித்த பெயர்கள்

என்னை நம்பிக் கேட்ட ஒரு மனிதருக்கு நான் தெரிந்தே தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். அதனால் சபை நடுவில் அவர் சிரிப்புக்கு ஆளானபோது, நான் சொல்லிக்கொடுத்தது அதுவல்ல என்று சாதித்தேன். அவருக்கு வரவிருந்த வேலையை நான் எடுத்துக்கொண்டு ஓய்வு பெறும்வரை பார்த்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வழியில்லை.

சொல்லிக்கொடுத்த விஷயம் என்னவோ சிறியதுதான். ஆங்கிலப் பெயர்களில் எந்த அசையை அழுத்திச் சொல்வது என்பது. மூன்று அசையுள்ள ஒரு பெயரில் ஓர் அசை ஓங்கும், மற்ற இரண்டும் அடங்கும். ஓங்க வேண்டியது அடங்கி, அடங்க வேண்டியது ஓங்கினால் எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை. ஆனால் அந்த மொழியில் பிறந்தவர் காதுக்கு அது பெயராகவே கேட்காது. ஏதோ ஒரு சத்தம், அவ்வளவுதான். இதைக்கொண்டு ஒருவரைக் கவிழ்க்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றியது.

சுதந்திரம் வந்து பதினைந்து, இருபது வருஷம் ஆகியிருந்த காலம். ஏற்காட்டில் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். நான் திருச்சியில் படித்தவன். கல்லூரியில் எங்களுக்குக் கவிதை நடத்திய வெள்ளைக்காரப் பேராசிரியர் அடிக்கோலால் மேசையில் தட்டித் தட்டிச் சொல்லித்தருவார். தட்டு விழும் அசையில் குரல் ஓங்க வேண்டும். தவறினால் அடுத்த தட்டு விரல் கணுவில் விழும். அப்படி வாங்கிய காதுதான் என்னிடம் இருந்த ஒரே சொத்து. அதை வைத்துக்கொண்டு மலையேறி வந்தவனுக்கு, அங்கே இன்னொரு இளம் ஆங்கில ஆசிரியர் இருந்ததும், அவரைப் பிள்ளைகள் விரும்பியதும் முதல் நாளிலிருந்தே உறுத்தின.

பள்ளியில் எல்லாரும் அவரை பாய் சார் என்றார்கள். என் வயதுதான். அவருடைய அண்ணன் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்தார். வெள்ளைக்காரத் துரைகள் எஸ்டேட்டுகளை விற்றுவிட்டுக் கப்பலேறியபோது, பங்களாக்களில் இருந்த புத்தகங்கள் பழைய பேப்பர் விலைக்கு அந்தக் கடைக்கு வந்தன. பொட்டலம் கட்டுவதற்கு. அண்ணன் கிழிக்கும் முன்பு தம்பி படித்தார். அப்படிப் படித்தே பிரைவேட்டாகப் பரீட்சை எழுதி பி.ஏ. வாங்கினார்.

"எங்கண்ணன் கிழிக்கறதுக்குள்ள படிச்சாகணுமுங்க சார். அதனாலதான் எனக்கு வேகமாப் படிக்க வந்துச்சு" என்பார். "ஆனா நெறைய நாவல்ல கடைசி அத்தியாயம் எனக்கு இன்னிக்கும் தெரியாதுங்க. அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆச்சா இல்லியான்னு கரடியூருக்குப் பருப்பு வாங்கிட்டுப் போனவங்களைத்தான் கேக்கோணும்."

இப்படி முழுக்க முழுக்கக் கண் வழியாக வந்த ஆங்கிலம் அவருடையது. ஒரு சொல்லின் பொருளும், அது எந்த நூற்றாண்டில் எப்படிப் புழங்கியது என்பதும் தெரியும். அது காதில் எப்படி விழும் என்பது மட்டும் தெரியாது. பேச்சில் பழைய நாவல்களின் சொற்கள் தடையில்லாமல் வரும். ஒருநாள் ஆசிரியர் அறையில், தான் கடைவீதிக்குப் போவதாகச் சொல்ல, பழைய ஆங்கிலத்தில் போவதைக் குறிக்கும் 'ரிப்பேர்' என்ற சொல்லைப் போட்டார். வாசலில் நின்ற பியூன், "எது ரிப்பேருங்க சார்? ஆளைக் கூட்டியாரட்டுங்களா?" என்று உள்ளே ஓடி வந்தார். எல்லாரும் சிரித்தோம். எங்களில் அதிகம் சிரித்தவர் பாய் சார்தான். தன்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு அவருக்கு அப்போது எந்தத் தயக்கமும் இருந்ததில்லை.

அவருடைய உச்சரிப்பு நம் ஊர் உச்சரிப்பு. எல்லாச் சொல்லையும் முதல் அசையில் லேசாக ஊன்றிக்கொண்டு, பிறகு ஒரே சமமாகச் சொல்லிக்கொண்டு போவார். தமிழன் நாக்கு அப்படித்தான் போகும். நம் யாப்பு குறிலையும் நெடிலையும் பார்த்து எழுத்து எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று கணக்கிடுகிறது. ஆங்கிலக் கவிதைக்கு நேரம் பெரிதில்லை, எங்கே அடி விழுகிறது என்பதுதான் பெரிது. நேரத்தை அளந்து பழகிய காதுக்கு அடியை அளக்கத் தனியாகப் பழக வேண்டும். நான் பழகியிருந்தேன், அவர் பழகவில்லை. அந்த வித்தியாசத்தை நான் உலகத்திலேயே பெரிய வித்தியாசமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மழைநாளில் அவருடைய வகுப்பைக் கடந்து போனேன். கடலுக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயைப் பற்றிய கவிதையைப் படித்துக்கொண்டிருந்தார். அடி விழ வேண்டிய ஓரிடத்திலும் விழவில்லை. என் பேராசிரியர் கேட்டிருந்தால் அடிக்கோலை உடைத்திருப்பார். ஆனால் வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. சன்னல் ஓரத்தில் ஒரு பெண் தாவணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதே கவிதையை நான் முந்தின வருஷம் அடி பிசகாமல் நடத்தியிருந்தேன். என் வகுப்பில் யாரும் அழவில்லை. தாழ்வாரத்தில் நின்றபடியே அவரை வெறுக்கத் தொடங்கினேன்.

பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. காப்பிப் பழம் பறிப்பு முடிந்து எஸ்டேட்காரர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் சமயத்தில் கொடையாளர் நாள் நடக்கும். பள்ளிக்கு மணி கொடுத்தவர், கிணற்றுக்குப் பம்பு கொடுத்தவர், நூலகத்துக்கு அலமாரி கொடுத்தவர் என்று எல்லாருடைய பெயரையும் ஒருவர் மேடையில் நின்று படிப்பார். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் சபை சற்று நேரம் மௌனமாக இருக்கும். பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெயர்கள். அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் இறந்துபோயிருப்பார்கள், அல்லது ஊர் திரும்பியிருப்பார்கள். மலையை விட்டுப் போக மனமில்லாத சில முதிய துரைசானிகள் மட்டும் தொப்பியும் கம்பளிச் சால்வையுமாக வந்து முன்வரிசையில் உட்காருவார்கள்.

பெயர்களைப் படிப்பவர் மேல் வகுப்புகளுக்கு இலக்கியம் நடத்தும் மூத்த ஆங்கில ஆசிரியர். அது எழுதப்படாத விதி. அந்த வருஷம் மூத்தவர் ஓய்வுபெறவிருந்தார், முழங்கால் வலி என்று மேடையேற மறுத்துவிட்டார். அதனால் அந்த முறை பெயர்களைப் படிப்பவருக்குத்தான் அவருடைய இடம் என்று பள்ளியில் எல்லாருக்கும் புரிந்தது. நானும் பாய் சாரும் இருவருமே தற்காலிக ஆசிரியர்கள். அந்த இடம் நிரந்தரமானது, குடியிருப்போடு கூடியது. பாய் சாருக்கு இரண்டு சின்னக் குழந்தைகள், அண்ணன் கடைக்குப் பின்னால் ஒரே அறை.

தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் பாய் சார் படிக்கட்டும். பிள்ளைகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் கரடுமுரடு. நீர்தான் அதில் கெட்டிக்காரர் ஆயிற்றே, நாலு நாள் கூட இருந்து சரிசெய்துவிடும்" என்றார்.

"அதற்கென்ன சார்" என்றேன்.

அன்று சாயங்காலமே பாய் சார் என் அறைக்கு வந்தார்.

"ஏனுங்க சார், ஒரு ஒத்தாசை பண்ணோணும். எனக்கு இங்கிலீஷ்காரங்க பேரு ஒண்ணும் வாயில நிக்க மாட்டேங்குது. நாவல்ல எல்லாம் பாத்த பேருதான். ஆனா அவிங்க ஒருத்தரும் எங்கிட்ட வாயைத் தொறந்து பேசலீங்களே."

எனக்கு ஒரு முறை இருந்தது. என் பேராசிரியரின் அடிக்கோல் முறையை நடைக்கு மாற்றியிருந்தேன். ஓங்கும் அசைக்கு ஒரு காலைத் தொம்மென்று ஊன்றுவது, அடங்கும் அசைக்கு மறு காலை மெத்தென்று வைப்பது. உட்கார்ந்து பத்துநாள் படித்தும் வராதது ஒரு நடையில் வந்துவிடும். கால் பழகிவிட்டால் நாக்கு தானே பின்னால் வரும். இருவரும் நாகலூர் சாலையில் நடந்தோம். இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. பனி இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு வாத்தியார்கள் 'மார்கரெட்', 'டோரத்தி' என்று முனகிக்கொண்டு ஆளுக்கொரு காலைத் தரையில் இடித்தபடி நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பருவத்தின் கடைசிப் பழங்களைப் பறித்துவிட்டுத் திரும்பிய பெண்கள் கூட்டம் ஒன்று எதிரே வந்தது.

"ஏனுங்க வாத்தியாரே, கால்ல அட்டை ஏறிக்கிச்சுங்களா?" என்றாள் ஒருத்தி.

"அட்டை இல்லீடி, புதுச் செருப்பு" என்றாள் இன்னொருத்தி.

"செருப்பும் இல்லீங்கம்மா, துரைசானிங்க" என்றார் பாய் சார். "கால்ல ஏறிக்கிட்டு எறங்க மாட்டேங்கறாங்க!"

அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு வளைவு தாண்டியும் கேட்டது. நானும் சிரித்தேன். அந்த நடையில்தான் அந்த வேலையைச் செய்தேன்.

ஆங்கிலப் பெண்பெயர்களில் பாதிக்குமேல் முதல் அசைதான் ஓங்கும். மார்கரெட், டோரத்தி, அகத்தா எல்லாம் அப்படித்தான். அதாவது பாய் சாரின் தமிழ் நாக்கை அதன் போக்கில் விட்டிருந்தால் பட்டியலில் பெரும்பாலான பெயர்களை அது சரியாகவே சொல்லியிருக்கும். நான் விடவில்லை. சாதாரணச் சொல்லுக்கு ஒரு விதி, குடும்பப் பெருமை உள்ள பெயருக்கு வேறு விதி என்று சொன்னேன். உயர்ந்த குடும்பத்துப் பெயரில் முதல் அசையை விழுங்கி, இரண்டாவதிலோ கடைசியிலோ ஊன்ற வேண்டும் என்றேன். அப்படி ஒரு விதியே கிடையாது. நடந்துகொண்டே உண்டாக்கினேன். சொன்ன மாத்திரத்தில் அது எனக்கே உண்மைபோல் கேட்டது.

அவர் நின்றுவிட்டார். "அப்பிடிங்களா? ஏரிப் பக்கத்துப் பங்களா துரைசானி அவங்க நாயைக் கூப்பிடறதை நான் கேட்டிருக்கேனுங்க. அதுக்கும் மனுசப் பேருதான் வெச்சிருக்காங்க. முதல் எழுத்துலதானுங்களே போட்டு அழுத்துது அந்தம்மா?"

"அது நாய்" என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு தலையாட்டினார். "ஆமாங்க. நாய்க்கும் மனுசிக்கும் ஒரே மாதிரி கூப்பிட்டா மரியாதையா இருக்காதுங்களே."

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அந்த 'அது நாய்' என்பதுதான் எனக்கு இன்றும் வாயில் கசக்கிறது. அவரிடம் சரியான சாட்சி இருந்தது. தன் காதால் கேட்டிருந்தார். தன் காதைவிட என் வாயை நம்பினார்.

பட்டியலில் கடைசிப் பெயர் ஒரு சிறுமியுடையது. பள்ளி நூலகம் அவள் நினைவாகக் கட்டப்பட்டது. அவளுடைய தாய் இன்னும் மலையில் இருந்தார், ஒவ்வொரு வருஷமும் முன்வரிசையில் வந்து உட்காருவார். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. மூன்று அசை, முதல் அசை ஓங்கும். அதை நான் நடு அசைக்கு நகர்த்தினேன். பாய் சார் அதைத்தான் அதிகம் பழகினார். "அந்தம்மா உக்காந்து கேப்பாங்க, அவங்களுக்கு ஒரு நிமிசம் அந்தப் புள்ளை திரும்பி வந்தாப்பல இருக்கோணுமுங்க" என்றார். இதைக் கேட்ட பிறகாவது நான் திருத்தியிருக்கலாம். திருத்த இன்னும் நாட்கள் இருந்தன.

கொடையாளர் நாளில் பாய் சார் கறுப்புக் கோட்டு போட்டு வந்தார். அண்ணனுடையது, தோளில் கொஞ்சம் தொங்கியது. மேடை பலகையால் ஆனது, அடியில் வெற்றிடம். முதல் பெயரைப் படித்தார். நான் நகர்த்திய இடத்தில் குரல் ஓங்கியது. கூடவே அவருடைய கால், பழகிய பழக்கத்தில், பலகையில் தொம்மென்று இடித்தது.

அவருக்கே அது தெரியவில்லை. அடுத்த பெயருக்கும் தொம். பின்வரிசையில் யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். அதற்கடுத்த பெயருக்குச் சிரிப்பு பரவியது. எஸ்டேட் முதலாளிகளின் மனைவிகள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் வர வேண்டிய மௌனத்தில், சிரிப்பை அடக்கும் சத்தம் நிறைந்தது. பாய் சார் நிமிர்ந்து பார்த்தார். எதற்கு என்று விளங்காமல் இன்னும் திருத்தமாக, இன்னும் உரக்கப் படித்தார். காலும் இன்னும் உரக்க இடித்தது.

கடைசிப் பெயருக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினார். முன்வரிசையில் இருந்த அந்தத் தாயைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு படித்தார். நடு அசையில் தொம். கூட்டம் அடக்க முடியாமல் வெடித்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். யாருடைய பெயரைப் படித்தார்கள் என்று கேட்டதாகப் பின்னால் தெரிந்தது. தன் மகளின் பெயர் என்று அவருக்குப் புரியவே இல்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் தலைமை ஆசிரியர் என்னைத் தனியே அழைத்தார். முகம் சிவந்திருந்தது. "உம்மைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னேனே, சொல்லிக்கொடுக்கவில்லையா?"

"தினமும் சொல்லிக்கொடுத்தேன் சார். என்ன செய்ய? அவருக்குக் காது இல்லை."

இந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. சிலருக்குச் சங்கீதத்தில் காது இல்லை என்பதுபோல இதுவும் பிறவிக் குறை என்று ஆகிவிட்டது. யாரும் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. பரிதாபப்பட்டார்கள்.

பாய் சார் என்னைத் தேடி வந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தார்.

"ஏனுங்க சார், நீங்க சொன்ன மாதிரித்தானுங்களே படிச்சேன்?"

நான் அவருடைய முகத்தைப் பார்த்தே சொன்னேன். "இல்லீங்க பாய். நான் முதல் அசையில்தான் சொன்னேன். நீங்கள்தான் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டீர்கள். நானும் எத்தனை தடவை திருத்துவேன்?"

அவர் சண்டை போட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. அவர் உதட்டை அசைத்து, சத்தமில்லாமல் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அப்ப எனக்குத்தான் காதுல ஏறலீங்களாட்ட இருக்குது" என்றார். பிறகு, "உங்களுக்கு நொம்பச் சிரமம் குடுத்துட்டேனுங்க" என்றும் சொன்னார்.

அந்த இடம் எனக்கு வந்தது. குடியிருப்பும் வந்தது. பாய் சாரைக் கீழ் வகுப்புகளுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகள் அவர் நடந்து வந்தாலே பெஞ்சுக்கு அடியில் காலால் இடிப்பார்கள். 'தொம் சார்' என்று பெயர் வைத்தார்கள். அவர் கவிதையை வாய்விட்டுப் படிப்பதை நிறுத்தினார். கரும்பலகையில் எழுதிப்போட்டு, "கண்ணால படிச்சுக்கோங்க கண்ணு, என் வாயால வேண்டாம்" என்பாராம். அந்த வருஷப் படிப்பு முடிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அண்ணன் கடையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரே ஊரில் முப்பது வருஷத்துக்குக் குறையாமல் இருந்தோம். அவர் என்னைச் சிநேகிதராகவே நடத்தினார். கடைக்குப் போனால் ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். உள்ளேயிருந்து அவர் மனைவி டீ அனுப்புவார். நான் எந்தப் பாடம் நடத்துகிறேன் என்று கேட்பார். சொன்னால் அந்தக் கதையில் யார் எந்தச் சொல்லை எதற்குச் சொன்னார்கள் என்று, நான் யோசிக்காத ஒன்றைத் தமிழில் சொல்வார். மறுநாள் அதை வகுப்பில் என் கருத்தாகச் சொல்வேன். அந்தக் கருத்துகளுக்காக எனக்கு நல்ல ஆசிரியர் என்று பெயர் இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட அவர் வாயிலிருந்து வருவதில்லை. வெளியூர்க்காரர்கள் ஆங்கிலத்தில் விலை கேட்டால் விரலைக் காட்டுவார்.

அந்த நாட்களில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முதல் சில வருஷம் வேலை போய்விடும் என்று பயம். பிறகு பழகிவிட்டது. வருஷங்கள் ஏறஏற, இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

நான் ஓய்வுபெற்றபோது பள்ளியில் ஒரு கூட்டம் நடத்தினார்கள். பேச விருப்பமுள்ளவர்கள் பேசலாம் என்றதும், கடைசி வரிசையில் வெள்ளைத் தொப்பியோடு இருந்த பாய் சார் எழுந்தார். மேடைக்கு வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே தமிழில் பேசினார்.

"எனக்குக் காது கெடையாதுங்க. அது அல்லா குடுக்கலை. ஆனா இந்த சார் அதைப் பாக்காம, பனியில, நாகலூர் ரோட்டுல, தெனமும் நடந்து நடந்து எனக்குச் சொல்லிக்குடுத்தாருங்க. காது இல்லாதவனுக்குச் சொல்லிக்குடுக்கறது எவ்வளவு கஷ்டமுன்னு எனக்குத் தெரியும். அந்தப் பொறுமை யாருக்கும் வராதுங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். மாலை கழுத்தில் கனத்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

அந்த வாரத்திலேயே கடைக்குப் போனேன். மழை, கூட்டம் இல்லை. கடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு அழைத்துப்போனார். உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். விதியை நானே உண்டாக்கினேன் என்றேன். நாயைப் பற்றி அவர் சொன்னதுதான் சரி என்றேன். அவருக்குக் காது இருந்தது, நான்தான் இல்லை என்று ஆக்கினேன் என்றேன். தலைமை ஆசிரியரிடம் சொன்ன வாக்கியத்தையும் சொன்னேன். பேசும்போது அழுதேன் என்று நினைக்கிறேன்.

அவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு என் முழங்கையைத் தொட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க சார், அன்னிக்கு நான் மீட்டிங்குல பேசினது உங்க மனசைப் போட்டு வாட்டிருச்சுங்களா? இத்தனை வயசுக்கு மேல நான் மனசு ஒடிஞ்சிருவேன்னு, பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்களே!"

"பொய் இல்லை பாய். சத்தியம்."

"சத்தியம் எல்லாம் வேண்டாமுங்க. நீங்க நல்லவருங்க. அது எனக்கு அன்னிக்கே தெரியும். அதுக்காக இப்பிடி ஒரு பொய் சொல்லலாமுங்களா?"

அந்த இறந்த சிறுமியின் பெயரைச் சரியான இடத்தில் அழுத்திச் சொல்லிக் காட்டினேன். நீங்களும் சொல்லுங்கள், உங்கள் வாயில் தானாகவே வரும் என்று கெஞ்சினேன். கையால் மறுத்தார். "வேண்டாமுங்க, அது செத்த புள்ளை பேரு. அதை இன்னொரு தடவை நான் கெடுக்க மாட்டேன்." நான் மேலும் வற்புறுத்தியபோது முதல்முறையாக அவர் முகம் கடுத்தது. பேச்சை மாற்றி, நாகலூர் பஸ் நேரத்துக்கு வருகிறதா என்று கேட்டார்.

நான் வெளியே வந்து குடையை விரித்தபோது அவர் மனைவி பக்கத்துச் சந்து வழியாக வந்தார். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். அதுவரை என்னிடம் டீ வேணுங்களா என்பதைத் தவிர அதிகம் பேசியதில்லை.

"நான் கேட்டுக்கிட்டுத்தானுங்க இருந்தேன்" என்றார். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா அன்னிக்கு இதே ஊட்டுக்குள்ள ராவும் பகலும் மிதிச்சு மிதிச்சு அந்தப் பேருங்களைச் சொல்லிக்கிட்டிருந்தாரு. தூங்கற புள்ளைங்க எந்திரிச்சு அழும். ஒவ்வொரு தடவையும் அதே எடத்துலதான் மிதி விழும், மாறவே மாறாது. காது இல்லாதவருக்கு எப்பிடிங்க ஒரே எடத்துல தப்பு வரும்? யாரோ சொல்லிக்குடுத்தாத்தான் வரும்."

குடையை அவர் பக்கம் நீட்டினேன். வாங்காமல் மழையிலேயே நின்றார்.

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. ஒரு தடவை அவருகிட்டச் சொன்னேன். சொன்னதுக்கு மூணு மாசம் எங்கூடப் பேசலை. அவருக்குச் சிநேகிதருன்னு சொல்லிக்க இந்த ஊர்ல நீங்க ஒருத்தருதான். மத்ததெல்லாம் எடுத்துக்கிட்டீங்க, அதையும் எடுத்துக்கிட்டுப் போயிறாதீங்க. வாரதுன்னா வாங்க. இதைப் பேசறதுக்கு வராதீங்க."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதன்பிறகும் போய்க்கொண்டிருந்தேன். போகாமல் இருப்பது எனக்குச் சுலபம், அவருக்குக் கஷ்டம் என்பதால் போனேன். கடைக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, "இவருதான் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுத்தவரு. வித்தை நல்ல வித்தைதான், எடந்தான் சரியில்லை" என்று தன் நெஞ்சைத் தட்டிச் சொல்லிச் சிரிப்பார். வந்தவர்கள் எனக்கு வணக்கம் சொல்வார்கள். நான் பதில் வணக்கம் சொல்வேன். உள்ளேயிருந்து டீ வரும். முன்பு போலவே இருக்கும், சர்க்கரைகூடக் குறையாது.

சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் அவர் இறந்தார். வீட்டிலிருந்து ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோது நான் சற்றுப் பின்னால், சாலை ஓரமாக நடந்தேன். அவருடைய மூத்த மருமகன் திரும்பிப் பார்த்து, "சார், மாமா உங்களைத்தான் எப்பவும் சொல்லிக்கிட்டிருப்பாரு. நீங்க ஒரு தோள் குடுக்காம எப்பிடிங்க?" என்று கூப்பிட்டார். கூட்டம் விலகி எனக்கு வழிவிட்டது. வீட்டு வாசலில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் அவர் மனைவி இருந்தார். என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

நான் போய்த் தோள் கொடுத்தேன்.